எல்லோரும் ‘சூப்பர்’ என்றால் என்ன செய்வது?

கேள்வி: சிறுதானிய சத்துமாவு விற்கிறோம். வாங்குபவர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக் கருத்துக் கேட்டால், ‘சூப்பர்’ என்றுதான் வருகிறது. உருப்படியாக எதுவும் தெரியவில்லையே?
- வாசகி, ஈரோடு

பதில்: தயாரிப்பவரே ‘மாவு எப்படி?’ என்று கேட்டால் பாராட்டுதான் வரும். நடந்ததைக் கேளுங்கள்: நேற்று யார் கஞ்சி காய்ச்சினார்கள், பாலிலா தண்ணீரிலா, குழந்தை எவ்வளவு மிச்சம் வைத்தது? பாக்கெட் இருக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அலமாரியின் மூலையில் கிடந்தால் அதுவே ஒரு பதில்.

15 முதல் 20 பேர், இரண்டு வாரம், நாளுக்கு ஒரு கேள்வி போதும். உறவினர்கள் வேண்டாம். வாங்குவதை நிறுத்திய ஐந்தாறு பேர் கட்டாயம் இருக்கட்டும், விஷயமே அவர்களிடம்தான்.

குழுவில் முதலில் பேசியவரை மற்றவர்கள் வழிமொழிவார்கள். அதனால் பதிலைத் தனிச்செய்தியில் வாங்கிவிட்டு, மாறுபடும் இரண்டு கருத்துகளைப் பெயரில்லாமல் குழுவில் போட்டுப் பேசவிடுங்கள். நீங்கள் இடையில் புகுந்து மாவுக்கு வக்காலத்து வாங்கினால் அன்றோடு பேச்சு நின்றுவிடும்.

பதில்களை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எக்செல்லில், வரிக்கு ஒரு கருத்தாக எழுதுங்கள். ‘கட்டி தட்டுகிறது’ என்பவர் மாவை நேராகக் கொதிநீரில் கொட்டியிருக்கலாம். ‘அடிபிடிக்கிறது’ என்பவர் தீயைக் குறைக்காமல் இருந்திருக்கலாம். இரண்டையும் ‘தரம் சரியில்லை’ என்று சுருக்கினால், பாக்கெட்டின் செய்முறையில் எந்த வரியைத் திருத்துவது என்றே தெரியாது.

குழுவில் எல்லோருடைய எண்ணும் தெரியும், முன்பே சம்மதம் கேளுங்கள். இருபதில் எட்டுப் பேர் சொன்னதை ‘40 சதவீதம்’ என்று விளம்பரத்தில் போடாதீர்கள். அதற்குத் தனியாகப் பெரிய கணக்கெடுப்பு வேண்டும்.