பின்னால் வந்து மோதினார்கள். கிளேம் செய்தால் என்சிடி போய்விடுமா?

சுங்கை சிப்புட்டில் தோட்டச் சாலை முனையில் உங்கள் காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் மோதியிருக்கிறது. சொந்தக் காப்புறுதியில் கிளேம் செய்தால் என்சிடி, அதாவது கிளேம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு, போகுமா என்கிறீர்கள். தவறு உங்களுடையது இல்லையென்றால் போகாது. முழுக் காப்புறுதி இருந்தால் 'நாக் ஃபார் நாக்' முறையில் உங்கள் காப்புறுதி நிறுவனமே பழுதுக்குக் கட்டும். சேர்த்து வைத்த 55 விழுக்காடு கழிவு அப்படியே இருக்கும்.

ஆனால் யார் தவறு என்பதைப் போலீஸ் விசாரணைதான் சொல்லும். 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்துவிடுங்கள். "புகாரெல்லாம் வேண்டாம் அண்ணே, காசு கொடுத்துடுறேன்" என்பார் மோதியவர். சின்னப் பட்டணம், தெரிந்த முகம், மறுக்கச் சங்கடம்தான். பரவாயில்லை, புகாரைக் கொடுங்கள்.

அப்புறம், கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம் சாவியும் கையெழுத்தும் கொடுக்காதீர்கள். காப்புறுதி நிறுவனத்தை அழைத்து, அவர்கள் சொல்லும் பேனல் பட்டறைக்கே, அதாவது அவர்கள் அங்கீகரித்த பட்டறைக்கே, காரை அனுப்புங்கள்.