உபின் தீவுல அம்மாவுக்கு ஒரு சைக்கிள்

கேள்வி: அக்கா, எங்க அம்மா அப்பா திருச்சியிலேர்ந்து சிங்கப்பூருக்கு ஒரு மாசத்துக்கு வந்திருக்காங்க. ஒரு நாள் புலாவ் உபின் தீவுக்குப் போய் சைக்கிள்ல சுத்தலாம்னு ஆசை. என் வீட்டுக்காரர் பதினோரு இடம் லிஸ்ட் போட்டு வச்சிருக்கார். அம்மாவுக்கு 54 வயசு, புதுக்கோட்டைப் பக்கம் கிராமம், அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்த சமயத்துல சைக்கிள் கத்துக்கிட்டவங்க, கல்யாணத்துக்கு அப்புறம் தொடவே இல்ல. கேட்டா "இந்த வயசுல எனக்கு எதுக்குடி"ங்கறாங்க, ஆனா ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியும். அப்பாவுக்கு முட்டி வலி. பையனுக்கு 7 வயசு. எப்படி பிளான் பண்றது?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கக் கூடாது, அந்தப் பதினொண்ணுல ஒன்பதை அடிச்சிடுங்க. உபின் மொத்தமே பத்து சதுர கிலோமீட்டர் சொச்சம்தான், மேப்பைப் பாத்தா மதியத்துக்குள்ள முடிச்சிடலாம்னு தோணும், ஆனா அந்தப் புழுக்கத்துல மண்ரோட்டு மேடு ரெண்டு ஏறினாலே பெரியவங்களுக்கு மூச்சு வாங்கும், அப்புறம் அடுத்த இடம் அடுத்த இடம்னு விரட்டினா யாருக்கும் எதுவும் மனசுல நிக்காது. கேத்தாம் பக்கம் இருக்கறது மௌண்டன் பைக்காரங்களுக்கான தடம், அது வேணாம். புவாக்கா குன்று 75 மீட்டர்தான், ஆனாலும் அப்பா முட்டியோட எதுக்கு? கடலோரச் சதுப்பு நிலமான செக் ஜாவா ஒண்ணு, ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்குக் கிட்டவே இருக்கற பெக்கான்ங்கற பழைய கல் குவாரி ஒண்ணு, இது ரெண்டும் போதும்.

அடுத்தது தேதி. வீட்டுல தினசரி காலண்டர் இருக்குல்ல, அதுல அமாவாசை பௌர்ணமி பாருங்க. அதை ஒட்டின நாள்கள்லதான் கடல் தண்ணி நல்லா உள்வாங்கும், செக் ஜாவாவோட அழகு முழுக்க அந்தத் தண்ணி இறங்கறதுலதான் இருக்கு. அதுக்கப்புறம் கடல் ஏத்த இறக்க அட்டவணையில (tide table) தண்ணி மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழ போற நேரம் பாருங்க, அது பகல்ல, அதாவது செக் ஜாவா திறந்திருக்கற காலை எட்டரைலேர்ந்து சாயங்காலம் ஆறுக்குள்ள வந்தா அந்த நாளைப் பிடிச்சுக்கோங்க, சனி ஞாயிறுக்குக் காத்திருக்காதீங்க, முடிஞ்சா லீவு போடுங்க. அம்மா அப்பா ஒரு மாசம் இருக்கறதால எப்படியும் ரெண்டு மூணு நாள் தேறும்.

இப்ப அம்மா விஷயம். உண்மையைச் சொன்னா அந்த அறிவொளி வரிக்காகத்தான் இந்த வாரம் உங்க லெட்டரை எடுத்தேன். 1991ல புதுக்கோட்டையில அறிவொளி ஆரம்பிச்சப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துப் படிப்போட சைக்கிளையும் சேர்த்துக் கிராமம் கிராமமா கொண்டு போனாங்க, சைக்கிள் வாங்க பேங்க் லோனுக்கும் ஏற்பாடு பண்ணாங்க. வயல் வேலைக்குப் போறவங்க, கல் குவாரியில வேலை பாத்தவங்க, அங்கன்வாடி டீச்சருங்கன்னு ஒரு லட்சம் பெண்களுக்கு மேல கத்துக்கிட்டாங்க, லேடீஸ் சைக்கிள் கிடைக்காம பார் வச்ச ஜென்ட்ஸ் சைக்கிள்லயே ஏறினவங்க நிறைய பேர். உங்கம்மா அந்தக் கூட்டத்துல ஒருத்தங்க. அவங்களைப் போய் "ஓட்ட முடியுமா"ன்னு கேக்காதீங்க, "எந்த சைக்கிள்ல கத்துக்கிட்டீங்க, யாரு பிடிச்சுக்கிட்டாங்க, எங்கெல்லாம் போனீங்க"ன்னு கேளுங்க. பேச ஆரம்பிச்சாங்கன்னா அவங்களே வருவாங்க பாருங்க.

ஆனா நேரா தீவுல கொண்டு போய் ஏத்திடாதீங்க. அதுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துக் குடுங்க. பேலன்ஸ் சீக்கிரம் வந்துடும், பிரேக் பிடிக்கறதும் வளைக்கறதும்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும். சீட்டை நல்லா இறக்கி வைங்க, உக்காந்தபடியே ரெண்டு பாதமும் முழுசா தரையில படணும், அந்தத் தைரியம் இருந்தா மத்ததெல்லாம் தானா வரும். புடவை வேணாம், சுடிதார்னா துப்பட்டாவை வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லுங்க, பின் வீல்ல சுத்திக்கிட்டா ரொம்ப ஆபத்து. பேண்ட் அடிப்பக்கத்துல, செயின் இருக்கற வலது காலுக்கு, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு விடுங்க.

அன்னைக்கு சாங்கி வில்லேஜுக்கு 2ஆம் நம்பர் பஸ்ஸோ 29ஓ பிடிச்சு வந்துடுங்க. சாங்கி பாயிண்ட் ஜெட்டியில பம்போட்டுக்கு, அதாவது தீவுக்குப் போற சின்னப் படகுக்கு, முன்கூட்டியே டிக்கெட்னு ஒண்ணும் கிடையாது, பன்னெண்டு பேர் சேர்ந்ததும் எடுப்பாங்க, ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சில்லறையா கையில காசு வச்சுக்கோங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல அந்தப் பக்கம். இறங்கினதும் வரிசையா சைக்கிள் கடைங்க, முதல் கடையில கண்ணை மூடிக்கிட்டு எடுக்காதீங்க. ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு சைக்கிளை முன்னால தள்ளிப் பாருங்க, நகரக் கூடாது. டயரைக் கட்டை விரலால அமுக்குங்க, அமுங்கினா வேற கேளுங்க. கியரை கடை வாசல்லயே ஒரு ரவுண்டு ஓட்டி மாத்திப் பாத்துடுங்க. பத்து வெள்ளி சுமாருக்குக் கிடைக்கற சாதாரண சைக்கிள் போதும், ஆனா அம்மாவுக்கு மட்டும் ரெண்டு மூணு வெள்ளி கூடப் போனாலும் பிரேக் நல்லா இருக்கறதா, முன்னால கூடை வச்சதா எடுங்க.

அப்பாவை வீட்டுல விட்டுட்டு வரணும்னு அவசியமே இல்ல. ஜெட்டிப் பக்கமே வேன் நிக்கும், வாடகை பேசிக்கிட்டு செக் ஜாவா வரைக்கும் வந்துடலாம், எப்ப திரும்பக் கூட்டிட்டுப் போகணும்னும் அப்பவே பேசிடுங்க. பையனையும் தாத்தா கூட வேன்ல அனுப்பிடுங்க, ஜெட்டிப் பக்கம் சமதளத்துல அவனுக்குக் குட்டி சைக்கிள் எடுத்துக் குடுத்தா போதும். ஏன்னா செக் ஜாவாக்கு மூணு கிலோமீட்டர் சொச்சம், கடைசிப் பகுதி சரளைக்கல் மேடும் இறக்கமும். அந்த இறக்கத்துல முன் பிரேக்கைச் சட்டுனு பிடிச்சா வழுக்கி விட்டுடும், அம்மாவை இறங்கித் தள்ளிக்கிட்டே வரச் சொல்லுங்க, நீங்களும் கூடவே இறங்கித் தள்ளுங்க, அவங்க மட்டும் தள்ளினா சங்கடப்படுவாங்க.

சாப்பாடு, தண்ணி ரெண்டும் கையோட. தீவுல குழாய்த் தண்ணி வசதி கிடையாது, கடைகள்லயும் பெரும்பாலும் சீனக் கடலுணவுதான், அம்மா அப்பா சைவம்னா புளியோதரை கட்டிக்கோங்க. ஆனா பிளாஸ்டிக் பையில மட்டும் வேணாம், அந்தச் சரசரப்பு கேட்டாலே குரங்கு வந்துடும், கூடையில வச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள பை இருக்காது. ஜிப் போட்ட முதுகுப் பையில டப்பாவை வைங்க. காட்டுப்பன்னி குட்டிகளோட குறுக்க வரும், நின்னு வழி விட்டா அது பாட்டுக்குப் போயிடும். ஊர்ல கோயில் குரங்குக்குப் பழம் குடுக்கற பழக்கத்துல அப்பா கையை நீட்டிடப் போறார், இங்க அதுக்கு 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம்.

செக் ஜாவால சைக்கிளை வாசல்லயே நிறுத்திட்டு நடக்கணும். ஒரு கிலோமீட்டர் சொச்சம் பலகைப் பாதை, பாதி கடலுக்கு மேல, பாதி அலையாத்திக் காட்டுக்குள்ள. தண்ணி இறங்கின நேரம்னா கைப்பிடியில சாஞ்சுக்கிட்டு ஒரே இடத்துல அஞ்சு நிமிஷம் சத்தம் போடாம நில்லுங்க. முதல்ல வெறும் சேறுதான் தெரியும். அப்புறம் ஒவ்வொரு பொந்துலேர்ந்தும் சின்னச் சின்ன நண்டு வரும், ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிசா இருக்கும், வயலின் வாசிக்கற மாதிரி அதை ஆட்டிக்கிட்டே நிக்கும், பக்கத்துலயே ஒரு மீன் சேத்து மேல துடுப்பை ஊணித் தத்தித் தத்திப் போகும். பையன் அங்கேர்ந்து நகர மாட்டான், நகர்த்தாதீங்க. இந்த இடத்தையே அரசாங்கத்துல மண்ணு கொட்டி மூடறதா இருந்தாங்க, 2001ல தன்னார்வலர்களும் இயற்கை ஆர்வலர்களும் வந்து இங்க இருக்கற உயிர்களைக் கணக்கெடுத்து எழுதிக் குடுத்து மன்றாடி, அந்த வருஷக் கடைசியிலதான் வேலையைத் தள்ளி வச்சாங்க. அங்க 20 மீட்டர் உயரக் கோபுரம் ஒண்ணும் இருக்கு, ஜெஜாவின்னு பேர், அப்பா கீழேயே உக்காந்துக்கட்டும். மேல ஏறினா இருவாச்சி பறக்கறது தெரிஞ்சாலும் தெரியும், சிங்கப்பூர்ல இல்லாமலே போயிருந்த பறவை, 1994ல உபின்லதான் திரும்பக் கண்ணுல பட்டுச்சு.

திரும்பி வர்ற வழியில பெக்கான் குவாரி. இப்ப பச்சைத் தண்ணியும் நாரைக் கூடுமா இருக்கு, ஆனா ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது இந்தத் தீவுலேர்ந்துதான். கல் குவாரி ஊர்லேர்ந்து வந்த உங்கம்மாவுக்கு அதைப் பாத்தா சொல்றதுக்கு நிறைய இருக்கும், அங்க அவசரப்படாம உக்காருங்க. இடி மின்னல்னா மட்டும் கிளம்பிடுங்க. சைக்கிளை ஒப்படைச்சுட்டு நாலரைக்கெல்லாம் ஜெட்டிக்கு வந்துட்டா போட்டுக்கு வரிசை அதிகம் இருக்காது, அப்பாவும் ரொம்ப நேரம் நிக்க வேணாம்.