எதுக்கு ஸ்தோத்திரம்?

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகன் எட்டு மாதத்துக்கு முன் நான்குவழிச் சாலையில் பைக் விபத்தில் இறந்துபோனான். 19 வயது. நாங்கள் நெல்லைப் பக்கம், தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அக்கா இப்போது கோயிலுக்கு வருவதில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை என்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் ‘தாங்க முடியாததைக் கர்த்தர் கொடுக்கமாட்டார்’, ‘சகலமும் நன்மைக்கே’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடுவதில்லை. ‘குடும்பத்தில் ஏதாவது பாவம் இருக்கிறதா, ஆராய்ந்து பாருங்கள்’ என்றும் ஒருவர் சொல்லிவிட்டார். அத்தான் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஸ்தோத்திர ஆராதனை, அதாவது நன்றி சொல்லும் ஆராதனை, வைக்க வேண்டும் என்கிறார். ‘எதுக்கு ஸ்தோத்திரம்?’ என்று அக்கா கேட்கிறாள். அவளுக்கு விசுவாசம் போய்விட்டதா? நான் என்ன செய்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அக்கா கேட்கும் கேள்வி வேதத்திலேயே இருக்கிறது. வேதத்தின் ஜெபப் பாடல்களான 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். நமக்கு 23, 91, 121 மனப்பாடம். 88ஐ யாரும் வீட்டுக்கூட்டத்தில் வாசித்துக் கேட்டிருக்க மாட்டீர்கள். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது, இருளிலேயே முடிந்துவிடும். அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு சொன்ன ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்பதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி.

வருகிறவர்கள் சொல்லும் வசனங்களைப் பார்ப்போம். தாங்க முடியாததைக் கொடுக்கமாட்டார் என்பது பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய 1 கொரிந்தியர் 10:13இலிருந்து வருகிறது. அங்கே பேச்சு பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றியது. அடுத்த வசனமே விக்கிரகாராதனைக்கு விலகியோடச் சொல்கிறது. சாவு வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே பவுல் அதே கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் (1:8), தன் பலத்துக்கு மிஞ்சிய பாரம் வந்து பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாக எழுதுகிறார். தாங்க முடியவில்லை என்று அப்போஸ்தலன் சொல்லலாம், அக்கா சொல்லக்கூடாதா?

‘சகலமும் நன்மைக்கே’ என்பது ரோமர் 8:28. அது எல்லார் வீட்டுச் சுவரிலும் காலண்டரில் தொங்குகிறது. இரண்டு வசனம் முன்னால் போய் 26ஐ வாசியுங்கள். என்ன ஜெபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்கிறது. வார்த்தை வராத அக்காவுக்கு உரிய வசனம் அதுதான். 28 பொய் என்று சொல்லவில்லை. அதை அவளாக என்றாவது சொல்லிக்கொள்ளலாம், அடுத்தவர் எடுத்து அவள் வாயில் ஊட்டக்கூடாது.

பாவம் என்று சொன்னவருக்கு லூக்கா 13:4ஐக் காட்டுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அல்ல என்று இயேசுவே பதிலும் சொல்கிறார். இதற்கு மேல் அந்த மனிதரிடம் வாதாட வேண்டாம். வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உயிர்த்தெழுதல் நம்பிக்கை இருந்தால் அழக்கூடாது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. யோவான் 11ஐ மெதுவாக வாசியுங்கள். சகோதரன் லாசருவைச் சாகக் கொடுத்த மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் தனித்தனியாக வந்து ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: ‘ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.’ மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பதில் கிடைக்கிறது. மரியாளுக்கு விளக்கம் எதுவும் இல்லை. அவள் அழுவதைக் கண்டு இயேசுவும் கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர் அவர். அது தெரிந்தும் அழுதார். இரண்டு சகோதரிகளையும் அவர் கண்டிக்கவில்லை. ‘நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல’த் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதையும் இதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். துக்கமே கூடாது என்று அவர் எழுதவில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில் போங்கள். கையில் சாப்பாடு இருக்கட்டும். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). ‘ஏதாவது வேணும்னா சொல்லுக்கா’ என்பது உதவாது, துக்கத்தில் இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். மகனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவன் பெயரை யாருமே எடுக்காமல் இருப்பது பல தாய்மாருக்கு இரண்டாவது சாவு.

ஜெபத்துக்கு 13ஆம் சங்கீதம் போதும். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. நீங்கள் சத்தமாக வாசியுங்கள், அவள் கேட்டால் போதும். முதல் சில வாரம் நான்காம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: ஐந்தாம் வசனத்துக்கு அவசரப்பட்டு இழுத்துக்கொண்டு போவோம், அவள் அதைச் சொல்ல முடியாமல் திணறுவாள், பிறகு வேதத்தையே மூடிவைத்துவிடுவாள். ஒரு நாள் அவளே மீதியைக் கேட்கலாம். கேட்காவிட்டால் அடுத்த வாரமும் நான்கு வசனம்தான்.

கோயிலுக்கு வரச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். நடுப்பாடலில் அழுகை வந்தால் எழுந்துபோக முடியாது என்ற பயமே பலரைத் தடுக்கிறது. வர விரும்பினால் கடைசி வரிசையில் கதவோரம் உட்காருங்கள், நீங்களும் கூடவே எழுந்து வெளியே வருவீர்கள் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

அத்தானும் துக்கத்தில்தான் இருக்கிறார். ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டே இருப்பது அவருடைய அழுகை. அதனால் ஆராதனையே வேண்டாம் என்று சொல்லாமல் அதன் வடிவத்தை மாற்றலாம். சபை ஐயரிடம் (போதகரிடம்) முன்கூட்டியே பேசுங்கள். வீட்டில் அரைமணி நேரத்துக்குள், நெருங்கியவர்கள் மட்டும். ஒரு புலம்பல் சங்கீதம், பையனுக்குப் பிடித்த ஒரு பாட்டு, சற்று மௌனம், ஒரு ஜெபம். தாயைச் சாட்சி சொல்ல, அதாவது எழுந்து தன் விசுவாச அனுபவத்தைப் பேச, கூப்பிடக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்; மைக்கை நீட்டிவிட்டால் மறுக்க முடியாது. ஸ்தோத்திரம் என்றால் அவனைக் கொடுத்ததற்காக. எடுத்ததற்காக யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டியிருக்கலாம். எட்டு மாதத்துக்குப் பிறகும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, வீட்டு வேலை எதுவும் ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ‘நானும் அவன்கிட்டயே போயிடணும்’ என்று அவள் சொன்னால் அதைப் பரலோக ஆசை என்று விட்டுவிடாதீர்கள். சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

ஆண்டு நினைவுக்கு முன்பே கிறிஸ்மஸ் வந்துவிடுமானால் அதையும் யோசித்துவையுங்கள். வாசலில் ஸ்டார் கட்டுவதா, கேக் போடுவதா என்பதை அக்காவே சொல்லட்டும். வீடு வீடாகப் பாடிவரும் கேரல் குழுவில் பையனின் கூட்டாளிகள் இருப்பார்கள். நள்ளிரவில் டிரம்ஸோடு வாசலில் வந்து நின்றால் தாங்கமாட்டாள். பாவம், அழுவார்களே என்று அந்த வீட்டை மட்டும் தாண்டிப்போனாலும் தாங்கமாட்டாள். குழுத் தலைவர் ஒரு வாரம் முன்பே வந்து அவளிடம் கேட்கட்டும்: வரலாமா, வந்தால் எந்தப் பாட்டு.