தீவு வேணும், பட்டாளம் வேணாம்

கேள்வி: ஃபாக்லாந்து போர்ல பிரிட்டன்கிட்ட தோத்த நாளுக்கு அர்ஜென்டினாவுல வருஷா வருஷம் லீவு விடுறாங்களாமே? ஆனா அவங்க ராணுவத்துல பறக்க ஒழுங்கா ஒரு ஜெட்டுகூட இல்லாம போச்சு. ரோஷம் கெட்ட நாடுன்னு சொல்லலாமா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சொல்லலாம், ஆனா தப்பா இருக்கும். முதல்ல, லீவு தோத்த நாளுக்கு இல்லீங்க. சரணடைஞ்சது 1982 ஜூன் 14. லீவு ஏப்ரல் 2, அவங்க பட்டாளம் தீவுல போய் எறங்குன நாளு, இப்ப அது செத்தவங்களுக்கும் திரும்பி வந்தவங்களுக்குமான நாளு. அப்புறம் அங்க போய் ஃபாக்லாந்துன்னு சொல்லிடாதீங்க, பிரிட்டன் கையில இருக்குற அந்தத் தீவுக்கு அவங்க வச்ச பேரு மால்வினாஸ். 1994ல அரசியல் சட்டத்துலயே தீவு எங்களதுன்னு எழுதிட்டாங்க, 50 பேசோ நோட்டுல தீவோட மேப்ப அடிச்சாங்க. இதுல ரோஷத்துக்கு என்ன கொறச்சல்?

பட்டாளம் கத வேற. 1976ல ஆட்சியப் புடிச்ச ராணுவம் சொந்த ஜனங்களையே தூக்கிட்டுப் போயி காணாமப் போக வச்சது, மனித உரிமை அமைப்புகள் சொல்ற கணக்கு 30,000. 1982 மார்ச் 30 அன்னிக்கு தலைநகர் பியூனஸ் அயர்ஸ்ல ஊர்வலம் போனவங்கள அடிச்சு வெரட்டுனாங்க, மூணே நாள்ல தீவப் புடிச்சதும் அதே ஊரு ரோட்டுக்கு வந்து கைதட்டுச்சு பாருங்க (அத அவங்களே இன்னிக்கு சங்கடத்தோடதான் பேசுவாங்க). சண்ட 74 நாள்ல முடிஞ்சுது. அர்ஜென்டினா பக்கம் 649 பேரு செத்தாங்க, அதுல 323 பேரு ஜெனரல் பெல்கிரானோங்கற ஒரே போர்க்கப்பல்ல. தீவுல இருந்ததுல பெரும்பாலும் கட்டாய ராணுவ சேவைக்கு இழுத்துட்டு வந்த 18, 19 வயசுப் பசங்க. பசி தாங்காம சாப்பாடு திருடுனவன கொட்டுற குளிர்ல கையையும் காலையும் முளையடிச்சு தரையோட கட்டிப் போட்டது எதிரி இல்ல, அவனோட ஆஃபீசரு. ஊருக்குத் திரும்புனப்போ, நடந்தத வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வேற வாங்குனாங்க.

அதனால ஜனங்க ரெண்டா பிரிச்சுட்டாங்க. தீவும் பசங்களும் நம்மது, பட்டாளம் நம்மது இல்ல. 1985ல ஜெனரலுங்கள கூண்டுல ஏத்துனாங்க, 1994ல முகாம்ல ஒரு பையன அடிச்சே கொன்னது வெளிய வந்ததும் கட்டாய சேவையே போச்சு, யாரு ஆட்சிக்கு வந்தாலும் பட்டாளத்துக்குப் பணம்னா கை இறுக்கம்தான். 1982ல கமாண்டோக்கள தீவுக்குக் கொண்டு போன சாண்டிசிமா டிரினிடாட் கப்பல் 2013ல மூழ்குச்சு, சண்டையில இல்ல, துறைமுகத்துல கட்டி வச்ச எடத்துலயே. 2015ல மிராஜ் போர் விமானங்கள ஓரங்கட்டுனாங்க, பதிலுக்கு பல வருஷம் ஒண்ணும் உருப்படியா வரல.

இதுல எனக்கும் அவங்க மேல ஒரு கோவம் உண்டு. 2017 நவம்பர்ல சான் ஹுவான் நீர்மூழ்கி, உள்ள தண்ணி பூந்து பேட்டரி ஷார்ட் ஆயிடுச்சுன்னு தகவல் சொல்லிட்டு அப்புறம் சத்தமே இல்ல, ஒரு வருஷம் கழிச்சு 900 மீட்டர் ஆழத்துல கெடந்துச்சு. 44 பேரு. அதுல நெறைய பேரு 1982ல பொறந்திருக்கவே மாட்டாங்க. ஜெனரலுங்க மேல இருந்த கோவத்துல பட்டாளத்தப் பட்டினி போட்டீங்க சரி, செத்தது ஜெனரலுங்களா?

பணம் மட்டும் காரணம் இல்லன்னும் சொல்லணும். தென்கொரியாக்காரங்ககிட்ட கேட்ட போர் விமானத்துல பிரிட்டிஷ் பார்ட்ஸ் இருக்குன்னு லண்டன் 2020ல முட்டுக்கட்ட போட்டுச்சு. கடைசியா 2024ல டென்மார்க் ஓட்டித் தீத்த 24 எஃப்-16 போர் விமானத்துக்கு கையெழுத்துப் போட்டாங்க. 38 வருஷம் கழிச்சும் விக்க விடாம பாத்துக்கிட்டான் ஜெயிச்சவன், நீங்க என்னடான்னா தோத்தவனுக்கு ரோஷம் இல்லங்கறீங்க.