தங்கூசியைக் கழற்றிவிட்டு றொட்டைப் பற்றிக் கதைப்போம்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் மீன்பிடி பற்றி எழுதுவதை விடாமல் வாசிக்கிறவன். போன வருடம் கூட்டாளி ஒருவனின் போட்டில் முல்லைத்தீவுக் கடலுக்குப் போய் முதல் தடவையாக ஜிக் (மீன் மாதிரிச் செய்த பாரமான உலோக இரை) போட்டுப் பார்த்தேன். அவன் நாலு பாரை ஏற்றினான். எனக்கு ஒன்றும் இல்லை. "உன்ர றொட்டில உணர்வே இல்லை, மீன் தொடுறது உனக்குத் தெரியேல்லை" என்கிறான். என்னுடையது ஏழரை அடி கிளாஸ் பைபர் தூண்டில் றொட், ரீலில் நைலோன் தங்கூசி. ஆடி மாதம் மச்சான் ரொறன்ரோவில் இருந்து வருகிறார், ஒன்று கொண்டுவரச் சொல்லலாம். 40 டன் காபன் என்று போட்ட ஒரு றொட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன், விலை மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு. அதையே இரணைமடுக் குளத்தில் விராலுக்கும் பாவிக்கலாமா? எதை வாங்கினால் மீன் தொடுவது கைக்குத் தெரியும்?

ந., பரந்தன்

அன்புள்ள ந.,

மச்சானுக்கு இன்னும் ஒன்றும் சொல்லாதீர்கள். முதலில் அந்தத் தங்கூசியைக் கழற்றுங்கள்.

நைலோன் தங்கூசி அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கு மேலும் இழுபடும். இருபது பாக (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில் ஜிக்கை இறக்கிவிட்டு மேலே நீங்கள் றொட்டைச் சுண்டுகிறீர்கள், அந்தச் சுண்டலில் பாதியைத் தங்கூசியே ரப்பர் மாதிரி விழுங்கிவிடும், கீழே ஜிக் சோம்பலாக ஒரு தரம் தலையாட்டும், அவ்வளவுதான். கீழே நடப்பதும் அதே மாதிரித்தான் பாதியாகத் தேய்ந்து மேலே வரும். பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் நூல் இழுபடுவது நூற்றுக்கு மூன்று நாலு பங்குதான். அதே பலத்துக்கு அது தங்கூசியைவிட மிகவும் மெல்லியது என்பதால் நீரோட்டம் அதைப் பிடித்து வில்லாக வளைப்பதும் குறைவு. நூல் வளைந்து கிடந்தால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய றொட்டும் செவிடுதான். ஆகவே இருக்கிற றொட்டிலேயே பிரெய்ட் ஏற்றி, நுனியில் இரண்டு மூன்று மீற்றர் புளூரோகாபன் (உரசலைத் தாங்கும் ஒற்றை இழை நூல்) கட்டி ஒருநாள் போய்ப் பாருங்கள். கடலடிப் பாறையில் உரசினால் பிரெய்ட் நிற்காது, அதற்காகத்தான் அந்த நுனித் துண்டு. முடிச்சை வீட்டிலேயே இருந்து கட்டிக்கொண்டு போங்கள், ஆடுகிற போட்டில் அது சரிவராது.

உங்கள் கூட்டாளி சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பாரை ஜிக்கைத் தொட்டால் தெரியாமல் போகுமா? விறகுக் கட்டையில் கட்டி இறக்கியிருந்தாலும் தெரியும், கையைப் பிடுங்கிக்கொண்டல்லவா போகும். உங்களுக்குத் தெரியாமல் இருந்தது மீன் இல்லை, உங்களுடைய ஜிக். அது தரையைத் தொட்டதா, தொட்டவுடன் எழும்பியதா, விழும்போது தளர்ந்து விழுந்ததா, நூல் சுற்றிக்கொண்டதா, ஓட்டம் மாறியதா, இதெல்லாம் தெரியாமல் ஒரு மணித்தியாலம் கையை ஆட்டிக்கொண்டு இருந்திருப்பீர்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் ஆட்டினேன். உணர்வுள்ள றொட் என்பது முதலில் இந்தச் செய்திகளுக்குத்தான். கூட்டாளியின் ஜிக் எத்தனை கிராம், உங்களுடையது எத்தனை என்றும் கேட்டுப் பாருங்கள். அவன் 120 கிராமும் நீங்கள் 60 கிராமும் போட்டிருந்தால் நாலு பாரையின் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அளம்பிலில் எங்களுக்குத் தெரிந்த அப்பு ஒருவர் இருந்தார். றொட்டைக் கண்ணால் கண்டிராத மனிதர், கைத்தூண்டில்தான். நூலைச் சுட்டுவிரலின் முதல் மடிப்பில் போட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்தபடி இருப்பார். திடீரென்று "கிளாத்தி கொத்துது, இரை போச்சு" என்பார். இழுத்துப் பார்த்தால் வெறும் தூண்டில் வரும். கொஞ்சம் கழித்து "இது விளமீன்" என்பார், ஏறுவதும் விளமீன்தான். அந்த விரலில் நூல் அறுத்து அறுத்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது, சுண்டுவில்லின் கவட்டில் ரப்பர் இறுகின தடம் மாதிரி. அவரும் தங்கூசிதானே பிடித்தார் என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் அவருடையது தடித்த தங்கூசி, அதே பாரத்துக்குத் தடித்தது குறைவாகத்தான் இழுபடும். பத்துப் பாகத்துக்கு மேல் அவர் இறக்கியதும் இல்லை, ஈயம் எப்போதும் நூலை விறைப்பாக வைத்திருக்கும். எல்லாவற்றையும்விட, நூலுக்கும் விரலுக்கும் இடையில் ஒன்றும் இல்லை. றொட் என்று ஒன்றை இடையில் வைத்த அந்த நேரமே நாம் கொஞ்சத்தை இழந்துவிடுகிறோம். நல்ல றொட் என்பது குறைவாக இழக்கவைக்கிறது, வேறொன்றும் இல்லை.

அதனால்தான் கிளாஸ் பைபரைவிடக் காபன். கண்ணாடி இழை பாரம் கூடியது, விறைப்பு குறைந்தது. சாதாரண காபன் இழையே அதைப்போல மூன்று மடங்கு விறைப்பு, பாரமும் குறைவு. விறைப்பாகவும் பாரமில்லாமலும் இருக்கிற தடிதான் சின்ன அதிர்வைத் தானே குடித்துவிடாமல் பிடிவரை கொண்டுவரும். ஏழரை அடியும் போட்டுக்கு நீளம், ஆறு அடிக்குக் கூடாமல் எடுங்கள்.

இனி அந்த 40 டன். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு இத்தனை டன் என்ற கணக்கில் இழையின் விறைப்பைச் சொல்லும் எண் அது, பலத்தைச் சொல்லும் எண் இல்லை. 24 சாதாரணம், 30 நடுத்தரம், 40 உயர்ந்தது. எண் கூடக்கூட அதே விறைப்புக்குக் குறைந்த இழை போதும், தடி மெலியும், பாரம் இறங்கும், கைக்கு நன்றாகவே தெரியும், பொய் இல்லை. ஆனால் சுவர் மெல்லியதாகும், முறியவும் முறியும். அதோடு பெரும்பாலான றொட்டுகளில் பல வகை இழை கலந்துதான் சுற்றுகிறார்கள், எழுதுவது அதில் உள்ள பெரிய எண்ணை. ஐ.எம். 7 என்று போட்டிருந்தால் அதற்கும் மயங்காதீர்கள், அது ஒரு அமெரிக்கக் கம்பனி தன்னுடைய இழைக்கு வைத்த பெயர், எல்லாருக்கும் பொதுவான தர அளவு இல்லை.

கொழும்புக் கடை ஒன்றில் நானும் அப்படி ஒன்று வாங்கினேன். கடைக்காரத் தம்பி நுனியைக் கூரையில் வைத்து வளைத்துக் காட்டினார், நானும் மயங்கிவிட்டேன். மூன்றாவது தடவை கடலுக்குப் போனபோது போட்டின் பக்கத்துக்கு வந்துவிட்ட ஒரு பாரையை ஏற்றுகிற அவசரத்தில் றொட்டைச் செங்குத்தாகத் தூக்கிவிட்டேன். வெடி போட்டதுபோல ஒரு சத்தம், மூன்று துண்டு. மாற்றித் தரமாட்டோம் என்றார்கள். கோபம் வந்ததுதான், ஆனால் பிழை என்னுடையது. முதல் தடவை போனபோதே ஜிக் போய் அதன் நடுவில் மோதியிருந்தது, அதையும் நான் கவனிக்கவில்லை. பல பேர் ஏறி இறங்குகிற, நங்கூரமும் ஐஸ் பெட்டியும் உருளுகிற நம்முடைய போட்டுகளுக்கு 24 முதல் 30 வரை உள்ளதே நான் எடுப்பேன். மிச்சக் காசுக்கு நல்ல பிரெய்ட்டும் நாலு ஜிக்கும் வாங்குவேன்.

எண்ணைவிட நான் பார்ப்பது வேறு. உங்களுடைய ரீலைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அந்த றொட்டில் பூட்டிப் பாருங்கள். நுனி பாரமாகக் கீழே இழுத்தால் விட்டுவிடுங்கள், அரை மணித்தியாலத்தில் முழங்கை நோகும், நோகும்போது பிடி இறுகும், இறுகின கைக்கு ஒன்றும் தெரியாது. நுனிப்பக்க வளையங்கள் சின்னனாகவும் பாரமில்லாமலும் இருக்கவேண்டும், அங்கே ஏறுகிற ஒவ்வொரு கிராமும் தடியை மந்தமாக்கும். பிடிக்கிற இடத்தில் தடி திறந்து கிடந்தால், விரல் நேரே அதில் படுமென்றால், இன்னும் நல்லது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் செய்கிற ஒரு வேலை உண்டு. இரவில் விறாந்தை லைட்டை அணைத்துவிட்டு, ஒரு 20 கிராம் ஜிக்கைக் கட்டி முற்றத்துக்கு எறிந்து மெல்ல இழுப்பேன். மணலில் வரும்போது ஒரு மழுமழுப்பு, சரளையில் கிறுகிறுப்பு, சீமெந்துப் படியின் விளிம்பில் ஏறும்போது "டக்". கண் தெரியாமல் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் அந்த றொட் போதும். வீட்டுக்காரி பைத்தியம் என்கிறா, சொல்லட்டும்.

ஒரு வகை ஜிக்கிங் றொட் கடையில் உங்களைக் குழப்பும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் நோரிஹிரோ சாத்தோ வளர்த்தெடுத்த மெதுவான ஜிக்கிங் முறைக்கென்று செய்தவை, ஈர்க்கு மாதிரி மெல்லியவை, அடிவரை வளையும். அவை ஜிக்கைத் தூக்கிவிடத்தான், மீனை இழுக்க இல்லை. மீன் பட்டதும் றொட்டைக் கீழே சாய்த்து ரீலால்தான் ஏற்றவேண்டும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

விராலுக்கு அதே றொட்டா? இல்லை. தாமரைக்குள்ளும் பாசிக்குள்ளும் விராலுக்கு வேண்டியது உணர்வு இல்லை, பலம். பாய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொண்டதும் கொடியோடு சேர்த்துக் கிளப்பவேண்டும், அதற்கு விறைத்த, தடிப்பான றொட்தான். ஆனால் குளக்கட்டுக் கற்களின் ஓரம், துருசுப் பக்கம், திறந்த தண்ணீரில் 7, 10 கிராம் ஈயத்தலை வைத்த தூண்டிலில் ரப்பர் மீன் பூட்டி இறக்கினால் அங்கேதான் நீங்கள் கேட்கிற உணர்வுக்கு உண்மையான வேலை. இரை விழும்போதே விரால் எடுக்கும், ஒரு சின்னத் தட்டு, அல்லது விழவேண்டிய நூல் நின்றுவிடும். அதற்கு ஆறரை, ஏழு அடியில், நுனிக் கால்வாசி மட்டும் வளைகிற, 5 முதல் 20 கிராம் என்று எழுதிய மெல்லிய காபன் றொட். கடலுக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று, வேறு வழியில்லை. சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தோடு திரிகிற விராலை விட்டுவிடுங்கள். முதலைக் குளங்களில் இடுப்பளவு தண்ணீரில் இறங்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் பின்னேர இடி கேட்டால் றொட்டைக் கீழே போட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள், காபனில் மின்சாரம் பாயும்.

பிரெய்ட்டோடு ஒருநாள் போய்வந்த பிறகும் வேண்டும் என்றிருந்தால் மச்சானிடம் குளத்து றொட்டைக் கேளுங்கள், கடலுக்கானதை இங்கேயே கையில் பிடித்துப் பார்த்து எடுக்கலாம். இரண்டு துண்டாகக் கழற்றுவதையே வாங்கச் சொல்லுங்கள், மூட்டில் உணர்வு செத்துவிடும் என்பதெல்லாம் பழைய கதை. துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தால் கட்டுநாயக்காவில் இறங்கும்போது நாலு துண்டாகியிருக்கும். பி.வி.சி. குழாய் ஒன்றை அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொண்டுவரட்டும்.