‘சட்டமே பொம்பளைங்க பக்கம்தானே?’ – வாதத்தில் வந்து விழும் கேள்விகளும் என் பதில்களும்

குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறேன். கணவன் பக்கமும் ஆஜராவேன், மனைவி பக்கமும் ஆஜராவேன். ஆண், பெண், சட்டம், அரசியல் என்று வாக்குவாதம் வந்தால் இரண்டு தரப்பும் பிரிவு எண்களை அள்ளி வீசுகிறார்கள். அதில் பாதி, யாரோ சொன்னதை வைத்து இன்னொருவர் சொன்னது. “உங்களிடம் வீசப்பட்ட வாதங்களை அனுப்புங்கள்” என்று கேட்டிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கணவனோ அவன் வீட்டாரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால் போடும் 498ஏ பிரிவை உச்ச நீதிமன்றமே ‘சட்ட பயங்கரவாதம்’ என்று சொல்லிவிட்டதே மேடம். அப்புறமும் அதை ஏன் வைத்திருக்கிறார்கள்?

அந்தச் சொல் வந்தது 2005-ல், சுஷீல் குமார் சர்மா வழக்கில். அது என்ன வழக்கு என்று யாரும் சொல்வதில்லை. 498ஏ அரசியல் சாசனத்துக்கு முரணானது, ரத்து செய்யுங்கள் என்று கேட்டுப் போட்ட மனு அது. நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்துவிட்டது. தவறாகப் பயன்படுத்தினால் புதுவகை சட்ட பயங்கரவாதம் கிளம்பிவிடும் என்று எச்சரித்த அதே தீர்ப்புதான், தவறாகப் பயன்படுத்த இடமிருக்கிறது என்பதால் மட்டும் ஒரு சட்டம் செல்லாமல் போகாது என்றும் சொன்னது. முதல் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு இருபது வருடமாகச் சுற்றிவருகிறார்கள்.

1983-ல் வந்த பிரிவு அது. இப்போது பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 85, 86 என்று இருக்கிறது. அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. “புகார் கொடுத்த அன்றைக்கே குடும்பத்தோடு உள்ளே தள்ளிவிடுவார்கள்” என்பவர்கள் 2014-ல் வந்த அர்னேஷ் குமார் தீர்ப்பைப் படிக்க வேண்டும். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2025-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அலகாபாத் உயர் நீதிமன்றம் வகுத்த, கைது இல்லாத இரண்டு மாத ஆறப்போடும் காலத்தையும் ஏற்றுக்கொண்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடி வாங்கியவள் புகார் கொடுத்த பிறகு இரண்டு மாதம் எங்கே போய் இருப்பாள்?

ஆனால் ஒன்று. வெளியூரில் இருக்கும் நாத்தனார், அவள் கணவன், எண்பது வயது தாத்தா என்று வீட்டு ரேஷன் கார்டில் இருக்கும் எல்லாப் பெயரையும் புகாரில் எழுதுகிற பழக்கம் உண்மை. அந்த மாதிரிப் புகார்களை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்துகொண்டேதான் இருக்கின்றன. பெண் தரப்பில் புகார் எழுத உட்கார்ந்தால் நான் முதலில் செய்வது பெயர்களைக் குறைப்பதுதான். நாலு பேர் செய்த கொடுமையைப் பதினோரு பேர் மேல் எழுதினால் நாலு பேரும் தப்பித்துவிடுவார்கள்.

கேள்வி: அந்த வழக்குகளில் தண்டனை விகிதம் ரொம்பக் குறைவு. அப்படியானால் பெரும்பாலானவை பொய் வழக்குதானே?

இந்த முடிச்சு எப்படி விழுகிறது என்று சமரச மையத்தில் அரை நாள் உட்கார்ந்தால் தெரியும். மேஜையில் ஒரு வெள்ளைத்தாள். சீர்வரிசைப் பட்டியல்: பீரோ, கட்டில், இருபத்தைந்து சவரன், அதில் எட்டு சவரன் எங்கே என்று ஒரு சண்டை. அப்புறம் ஒரு தொகை பேசுவார்கள். முதல் தவணை பரஸ்பர விவாகரத்து மனு போடும் அன்று, அடுத்தது விவாகரத்து உத்தரவு வரும் அன்று, கடைசித் தவணை 498ஏ வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் அவள் சம்மதம் கொடுத்த பிறகு. அந்த ரத்துக்கு 2003-லேயே பி.எஸ். ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது. சில ஜோடிகள் உயர் நீதிமன்றம் போகும் செலவுக்குப் பயந்து, கீழ் நீதிமன்றத்திலேயே “எனக்கு ஞாபகம் இல்லை” என்று சாட்சியத்தை முடித்துக்கொள்வார்கள். கணக்கில் அது விடுதலை. நடந்தது பொய்யா மெய்யா என்பதற்கு அந்தக் கணக்கில் பதில் கிடையாது.

பொய்ப் புகாரே இல்லை என்றா சொல்கிறேன்? இருக்கிறது, பார்த்திருக்கிறேன். தண்டனை விகிதத்தை வைத்து அதை எண்ண முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, எங்கள் அப்பா 2003-ல் இறந்துவிட்டார். பெண்களுக்குச் சொத்துரிமை 2005-ல்தான் வந்தது, அதனால் உனக்குப் பங்கு இல்லை என்கிறார் அண்ணன். கல்யாணத்துக்குச் செய்த சீரே போதுமாம்.

உங்கள் அண்ணன் 2015-ல் நின்றுவிட்டார். அந்த வருடம் பூலாவதி வழக்கில், திருத்தச் சட்டம் அமலான 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா எப்போது இறந்தார் என்பது கணக்கில் வராது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் சிக்கல். “வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்” என்பதை நீதிமன்றம் லேசில் ஏற்காது.

தமிழ்நாட்டில் 1989-லேயே இந்த உரிமை வந்துவிட்டது. ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களை அது வெளியே நிறுத்தியது. அந்தத் தடையை 2005 மத்தியச் சட்டம் எடுத்தது. சீருக்கும் பங்குக்கும் சட்டத்தில் தொடர்பே கிடையாது.

இன்னொன்று. சொத்து அப்பா சம்பாதித்து வாங்கியதா என்று முதலில் பாருங்கள். சுயார்ஜிதச் சொத்து என்றால் இந்த 2005 சண்டையே வேண்டாம். உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய அம்மா எல்லாருக்கும் சம பங்கு. அது 1956-லிருந்து இருக்கிற சட்டம். உயில் எழுதிவைத்திருந்தால் அவர் யாருக்கு எழுதினாரோ அவர்களுக்கு.

“வாரிசுச் சான்றுக்கு ஒரு கையெழுத்து வேணும்மா” என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனால், நீட்டும் தாளின் தலைப்பைப் படியுங்கள். வாரிசுச் சான்று தருவது தாசில்தார், அதற்குப் பத்திரப்பதிவு ஆபீசில் வேலையே இல்லை. தலைப்பில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று இருந்தால் உங்கள் பங்கை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: ஆண் பெண் சமம் என்கிறார்கள். அப்புறம் ஜீவனாம்சம் மட்டும் ஏன் ஆண் கொடுக்க வேண்டும்?

இந்து திருமணச் சட்டம் 24, 25 பிரிவுகளின் கீழ் கணவனும் கேட்கலாம் சார். கேட்பவர் குறைவு, ஏனென்றால் சம்பாதிக்கும் மனைவிகள் குறைவு. (கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு.) மற்றபடி 2020-ல் வந்த ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் எழுதிப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். அதில் வேடிக்கை என்னவென்றால், வருமானப் பத்தியில் மாதம் பன்னிரண்டாயிரம் என்று இருக்கும், கடன் பத்தியில் கார் தவணை பதினெட்டாயிரம் என்று இருக்கும். எதிர்த்தரப்பில் ‘வேலை இல்லை’ என்று எழுதியவரின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் சம்பளம் ஏறியிருக்கும். நீதிபதி இரண்டையும்தான் பார்க்கிறார்.

கேள்வி: தற்கொலை செய்துகொள்பவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். இதற்குப் பெண்களுக்கான சட்டங்கள்தான் காரணம் என்று எங்கள் குழுவில் ஒருவர் அடித்துப் பேசுகிறார்.

எண் சரி, காரணம் அவர் ஒட்டவைத்தது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையிலேயே காரணப் பட்டியல் இருக்கிறது. ஆண், பெண் சேர்த்துக் குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4, திருமணம் சார்ந்த பிரச்சினை 4.8. தொழில்வாரியாகப் பார்த்தால் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. ஆண்கள் சாவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவர் நிஜமாகவே நினைத்தால், கூலி, கடன், குடி என்று பேச நிறைய இருக்கிறது. மனைவியைத் திட்டுவதற்கு அந்தப் பிணங்களைத் தூக்கிவரக் கூடாது.

கேள்வி: ஓர் ஆணைப் பாலியல் வன்கொடுமை செய்தால் எந்தப் பிரிவில் வழக்கு? இதைக் கேட்டால் பெண்ணியவாதிகள் சண்டைக்கு வருகிறார்கள்.

சண்டைக்கு வரக் கூடாது, நியாயமான கேள்வி. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ 2012, அதில் பையன், பெண் வித்தியாசம் கிடையாது. வயது வந்த ஆணுக்குப் பழைய சட்டத்தில், ‘இயற்கைக்கு மாறான’ உறவைத் தண்டிக்கும் 377 இருந்தது. 2018-ல் நவ்தேஜ் ஜோஹர் தீர்ப்பு, சம்மதத்தோடு நடப்பதை மட்டும்தான் அதிலிருந்து விலக்கியது. சம்மதமில்லாமல் நடந்தால் குற்றமாகவே நீடித்தது. 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டம் வந்தபோது 377 மொத்தமாகக் காணாமல் போய்விட்டது, அதற்குப் பதில் எதுவும் வைக்கவில்லை. வயது வந்த ஆண் இன்று காயம், அடைத்துவைத்தல் என்று சுற்றி வளைத்துத்தான் வழக்குப் போட முடியும்.

திருநங்கை என்றால் 2019 சட்டத்தில் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தண்டனை. பெண்ணுக்கு நேர்ந்தால் குறைந்தபட்சம் பத்து வருடம். இந்த ஓட்டையைப் பற்றி இரு தரப்பும் சேர்ந்து கத்தியிருக்க வேண்டும். பெண்களுக்கு இருப்பதைக் குறை என்று கேட்பவர்கள்தான் கிடைக்கிறார்கள், இதை அடை என்று கேட்பவர்கள் குறைவு.

கேள்வி: கல்யாணமானவர்களுக்குள் வல்லுறவு குற்றமா இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

மனைவிக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தால், சேர்ந்து வாழும்வரை, வல்லுறவுச் சட்டத்தில் குற்றம் இல்லை.

ஒரு வரி முடிந்தது, மிச்சத்தையும் கேளுங்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2022 மே மாதம் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024-ல் மத்திய அரசு, குற்றமாக்குவது அளவுக்கு மீறிய கடுமை என்று பதில் மனு போட்டது. “இன்று சட்டம் என்ன?” என்பது ஒரு கேள்வி, “என்னவாக இருக்க வேண்டும்?” என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பிரிவு எண்ணைக் காட்டலாம். இரண்டாவதற்குப் பிரிவு எண்ணைக் காட்டுகிறவர் வாதத்திலிருந்து தப்பி ஓடுகிறார். கணவனுக்குத் தரும் இந்த விதிவிலக்கு போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதுவரை குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் வன்முறைக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம்.

கேள்வி: கள்ளத்தொடர்பு இனிமேல் தப்பே இல்லையாமே?

497 பிரிவை 2018-ல் நீக்கினார்கள், அதனால் ஜெயில் இல்லை. விவாகரத்துக்கு அது இன்றும் காரணம்தான். பழைய பிரிவில் புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணின் கணவனுக்கு மட்டும்தான் இருந்தது. ஏமாந்த மனைவிக்கு அது கிடையாது. அதற்காகக் கண்ணீர் விட ஒன்றுமில்லை.

கேள்வி: அரசியல் கருத்து எழுதினால் எனக்கு மட்டும் ஆபாசமாகப் பதில் வருகிறது. எதிர்த்தரப்பு ஆண்களுக்கு வாதம் வருகிறது, எனக்கு உடம்பைப் பற்றி வருகிறது. 66ஏ-யில் புகார் கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா, இணையத்தில் புண்படுத்தும் பதிவைத் தண்டித்த 66ஏ 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் செத்துவிட்டது. செத்த பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்த போலீசை நிறுத்த 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. உங்களுக்கு இருப்பவை: ஆபாசப் பதிவுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, 67ஏ. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்குப் பி.என்.எஸ். 79. விடாமல் பின்தொடர்ந்தால் 78. கருத்து முட்டாள்தனம் என்று திட்டினால் எதுவும் இல்லை, அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

ஆதாரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் கெட்ட வார்த்தையை மட்டும் வெட்டி வைத்திருப்பார்கள். காட்டும் பெயரையும் படத்தையும் எவனும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவான். அவன் கணக்கின் முகவரி, பதிவின் இணைப்பு, தேதி, நேரம் நாலும் வேண்டும். பிளாக் செய்வதற்கு முன் எடுத்துவிடுங்கள். எடுத்த போனை மாற்றவும் வேண்டாம், நீதிமன்றத்தில் புதுச் சாட்சியச் சட்டம் 63-ன் கீழ் சான்றிதழ் கேட்பார்கள். புகாரை தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ கொடுங்கள்.

கேள்வி: பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொல்லி நீதி கேட்பது தப்பா? கோபத்தில்தானே போடுகிறோம்?

கோபம் எதிர்வாதமாகாது. வல்லுறவு வழக்கில் அடையாளத்தை வெளியிட்டால் பி.என்.எஸ். 72-ன் கீழ் இரண்டு வருடம் வரை சிறை. பெயர் மட்டும் இல்லை, படம், பள்ளி, ஊர், அப்பா பெயர் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதுவும். இறந்துவிட்டாலும் அப்படித்தான், 2018-ல் நிபுண் சக்சேனா தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. ஏற்கெனவே போட்டிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வக்கீல் வைக்கக் காசில்லை. இலவச சட்ட உதவியும் பெண்களுக்கு மட்டும்தானாமே?

1987 சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லை. பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கும் வரம்பு இல்லை, ஆணாக இருந்தாலும் சரி. மற்ற ஆண்களிடம் பெரும்பாலும் வருமானச் சான்று கேட்பார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். போக முடியாதவர்கள் 15100-ல் கூப்பிடுங்கள். ஆதார் நகலும், வழக்குத் தாள் ஏதாவது வந்திருந்தால் அதன் நகலும் எடுத்துப் போங்கள்.