வறட்டு இருமலுக்கும் சளி இருமலுக்கும் ஒரே சிரப் போதுமா?

போதாது. வறட்டு இருமலுக்கும் சளி இருமலுக்கும் வீட்டில் இருக்கிற ஒரே பாட்டிலைக் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், இரண்டு மருந்தும் நேர் எதிர் வேலை செய்பவை.

பாட்டிலின் பெயரை விடுங்கள், லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தைப் படியுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்று இருந்தால் அது இருமலை அடக்கும் மருந்து. சளியே இல்லாமல் தொண்டை அரித்து ராத்திரி தூங்கவிடாத வறட்டு இருமலுக்கானது. நெஞ்சில் கர்கர் என்று சளி கட்டியிருக்கும்போது அதைக் குடித்தால், வெளியே வரவேண்டிய கோழை உள்ளேயே தங்கிவிடும். அதற்கு அம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின், குவைஃபெனசின் மாதிரி கோழையை இளக்குகிற மருந்து வேண்டும், கூடவே வெந்நீரும். டெர்பியூட்டலின், சல்பியூட்டமால் எல்லாம் மூச்சுக்குழாயை விரிப்பவை. வீசிங் இல்லாதவர் குடித்தால் கை நடுக்கமும் படபடப்பும்தான் மிச்சம். குளோர்பெனிரமைன் இருந்தால் தூக்கம் வரும், குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

ஆனால் எந்த சிரப்பும் கேட்காத இருமலும் உண்டு. செல்லூரில் எங்கள் வீட்டு ஜன்னல் திண்டில் ஒரு சமயம் ஐந்து காலி பாட்டில்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் அப்பா குடித்தது. மூன்று மாதமாக வறட்டு இருமல், பேச ஆரம்பித்தாலே வந்துவிடும், மருந்துக்கடையில் போய் "இருமலுக்கு ஒரு டானிக் குடுங்க" என்று கேட்டு வாங்கி வருவார். சர்க்கரை நோய் இருப்பவர், அதில் பாதிக்கு மேல் சீனிப்பாகு என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. கடைசியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன்னாலேயே கேட்டார், "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா?" பிரஷருக்கு எனலாப்ரில். சிலருக்கு அந்த வகை மாத்திரையே இருமலைக் கொடுக்குமாம். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார், மூன்று வாரத்தில் இருமல் அடங்கியது. இதைப் படித்துவிட்டு நீங்களாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள்.

குழந்தை விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன், பெரியவர்கள் சிரப்பில் அரை ஸ்பூன் என்று கணக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் சிரப்பால் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்குள் சிரப்பே வேண்டாம், ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அப்போது மத்திய அரசே அறிவுறுத்தியது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ராத்திரி படுக்கும்முன் கொஞ்சம் தேன் கொடுத்தாலே இருமல் தணியும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.

அப்புறம், பெரியவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைகிறது என்றால் அடுத்த பாட்டில் வாங்கப் போகாமல், காசநோயா என்று பார்க்கிற சளிப் பரிசோதனைக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், மதுரைப் பக்கம் என்றால் நெஞ்சு நோய்க்கென்றே தோப்பூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.